சுண்ணாம்புக்கு அடியில் 117

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தி. நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில், ஆள் வராத மத்தியானங்களில் அடுக்கி வைத்ததையே கலைத்து மறுபடி அடுக்குவேன். அந்தக் குணம்தான் எங்கள் வீட்டுக்கு வினையாக வந்தது.

வீடு அடையாற்றுக் கரையில் இருந்தது. செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அம்மாவும் நானும். அம்மா அப்போது மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். கரையைக் காலி செய்யப் போகிறோம், கணக்கில் இருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு உண்டு என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயிண்டில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். எங்களுடையது 117.

பொங்கல் வந்தது. இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். இடிக்கிற அன்றைக்கு இடிக்கட்டும், அதுவரைக்கும் அழுக்குச் சுவரோடு இருக்க என்னால் ஆகாது என்றேன். கரையில் மற்றவர்களும் வெள்ளையடித்தார்கள். ஆனால் எண்ணை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தார்கள். எனக்கு அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தியது. அதன் மேலேயே சுண்ணாம்பு மட்டையை இழுத்தேன். ஈரத்தில் 117 தெரிந்துகொண்டே இருந்தது. விடுவேனா? இரண்டாம் முறையும் அடித்தேன். காய்ந்ததும் சுவர் பளிச்சென்று இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி வேறு யாருமில்லை, நான்தான்.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்க ஒருவர் நோட்டோடு வந்தாராம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். 116-ஐப் பார்த்தார், 118-ஐப் பார்த்தார், நடுவில் வெள்ளைச் சுவர். பூட்டுத் தொங்கும் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே 117-க்கு நேராக ‘வீடு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பட்டியல் ஒட்டியபோது எங்கள் பெயர் இல்லை. ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கார்டு யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், கணக்கெடுத்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், சுவரில் எண் இருந்தால்தான் செல்லும் என்றார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அம்மா சமைத்த வீடுகளில் ஒன்று ஒரு வக்கீலம்மாவுடையது. சாந்தோம் பக்கம், ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தான் உயர்நீதிமன்றத்தில் எங்களுக்காக மனுப் போட்டார். பாரிமுனையில் இருக்கும் அந்தக் கோர்ட்டுக்கு மூன்று நாள் அலைந்தோம். சுவரில் வழக்கு எண்கள் ஓடும் பலகை. எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வரும், அதற்குள் கோர்ட் எழுந்துவிடும். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். “குந்துடி, உன்னைப் பாத்தா எனக்கு மயக்கம் வருது” என்றாள் அம்மா.

நான்காம் நாள் கூப்பிட்டார்கள். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது, எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆற்றை அகலப்படுத்தாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் பாதி ஊர் முங்கும், பொது நன்மைக்காகக் கரையைக் காலி செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று அரசு வக்கீல் சொன்னார். பொய்யில்லை. போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவள் நான். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வக்கீலம்மா அதிகாரத்தை மறுக்கவே இல்லை. குடியிருக்கிறவரை இல்லை என்று எழுதிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இடிக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

நீதிபதி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, எங்களைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “யாரும்மா வெள்ளையடிச்சது?”

“நான்தாங்க ஐயா.”

“நம்பர் இருக்கிறது தெரிஞ்சுதானே அடிச்சே?”

“தெரியும் ஐயா. பொங்கல் ஐயா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஒரு வக்கீலை ஆணையராக நியமித்து, நேரில் போய்ச் சுவரைச் சோதித்து அறிக்கை தரச் சொன்னார். அதுவரை வீட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

சோதிக்க வந்த அன்று வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுவர்ப் பக்கம் போகவே கூடாது, கை பட்டால் நீயே எழுதிக்கொண்டாய் என்பார்கள் என்று எச்சரித்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்து ஆள் ஒருவர் இரும்புத் தகட்டை எடுத்துச் சரக் சரக்கென்று சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. அதோடு சிமெண்ட் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. விழுந்த ஒரு துண்டின் விளிம்பில், சுண்ணாம்புக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இப்படியே இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் எண்ணும் தரையில் கிடக்கும், நாங்களும் தெருவில் கிடப்போம்.

“சுரண்டாதீங்க சார்!” என்று கத்திவிட்டேன். “தண்ணி தெளிங்க. ஈரமானா அடியில கீற நம்பர் தெரியும்.”

வக்கீலம்மா என்னை முறைத்தார். ஆணையர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவரே கைநிறைய அள்ளித் தெளித்தார். வெள்ளை மெல்ல மங்கியது. முதலில் 7 வந்தது. பிறகு நடுவிலிருந்த 1. முன்னால் இருந்த 1-இல் பாதிதான் மிச்சம், மீதி பெயர்ந்து தரையில் கிடந்தது. ஆணையர் அவசரமாகப் படம் எடுத்தார், காய்வதற்குள். நான் சுவருக்கு எதிரே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. வக்கீலம்மா வாசித்துச் சொன்னார். கரையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்து, மாற்று வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் சுவரில் கை வைக்கலாம்.

அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். “நாம ஜெயிச்சிட்டோமா வக்கீலம்மா?”

“ஜெயிச்சிட்டோம்மா.”

“அப்போ வூடு நிக்குமா?”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிக்காதும்மா” என்றார்.

நான் அத்தனை பாடுபட்டு மீட்ட எண், வீட்டை இடிப்பதற்கு வரிசையில் நிற்க எங்களுக்குக் கிடைத்த இடம். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த எண் இல்லாவிட்டால் மாற்று வீடுகூடக் கிடைத்திருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தூங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது மாற்று வீட்டில், எட்டாவது மாடி. கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். மூன்று வீட்டில் ஒரு வீட்டு வேலையைத்தான் அம்மாவால் தக்கவைக்க முடிந்தது. அது வக்கீலம்மா வீடு. இங்கே எங்கள் கதவுக்குப் பக்கத்தில் கறுப்பில் புது எண் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நான் வாளியும் பிரஷ்ஷுமாக வாசலுக்கு வந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்தாள். சுவரோடு சேர்ந்து நின்று, எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“நீ சுத்தி அடி” என்றாள். “காயற வரைக்கும் நான் கையை எடுக்க மாட்டேன்.”