லாரி குடித்த கடலை எண்ணெய்

எங்கள் குடியிருப்பில் பொரித்த எண்ணெயைச் சேகரிக்க ஒருவர் வரப்போகிறார் என்றதும் முதலில் கைதட்டியவள் நான்தான். வீட்டில் மிஞ்சுவதை டப்பாவில் சேர்த்து வைத்தால் போதும், மாதம் ஒரு முறை ஆட்டோவில் வந்து எடுத்துக்கொள்வார். அதைச் சுத்தம் செய்து பயோடீசலாக்கி லாரிக்கு ஊற்றுகிறார்களாம். சாந்தோமில் பஜ்ஜி போட்டால் பெருங்குடியில் லாரி ஓடும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் எனக்கு லாரியைவிட வீட்டுக்காரர் மேல்தான் கவலை. போன வருஷம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். "ஒரு தடவை பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் தொடவே கூடாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், குற்றவாளி நான்தான் என்பதுபோல. வாரம் ஒரு நாள் மீன், அதுவும் புது எண்ணெயில் என்று பேரம் பேசி அனுமதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான். அந்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் உருளைக்கிழங்கு வறுப்பதும், வறுத்த சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிடுவதும் அவருக்கு ஞானஸ்நானத்தோடு வந்த பழக்கம்.

"லாரிக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுக்கக் கூடாதா?" என்றார்.

"லாரிக்கு அடைச்சா மெக்கானிக் இருக்கார். உங்களுக்கு அடைச்சா நான் எங்கங்க ஓடுறது?"

பிறகு திடீரென்று மனிதர் திருந்திவிட்டார். மீன் வறுத்த எண்ணெய் ஆறியதும் டப்பாவில் ஊற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். லிஃப்டில் யார் மாட்டினாலும் மாற்று எரிபொருள், காற்று மாசு என்று பிரசங்கம்தான். நம் எண்ணெயில் ஓடும் லாரிக்குப் பின்னால் பூனைகள் ஊர்வலம் போகும் என்று ஜோக் வேறு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதுக் கடலை எண்ணெய் மட்டும் ஏனோ சீக்கிரம் தீர்ந்துகொண்டே வந்தது. செக்குக்காரர்தான் அளவில் கை வைக்கிறார் என்று மயிலாப்பூர் வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் காலை, எண்ணெய்க்காரர் எங்கள் டப்பாவை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், எல்லார் வூட்டு எண்ணெயும் தார் மாதிரி கீது. உங்க வூட்டுது மட்டும் கடைலேர்ந்து இப்பதான் வாங்கினு வந்தாப்ல கீது. இன்னா பொரிக்கிறீங்க இதுல?"

மேலே ஓடிப்போய்ச் சமையலறை அலமாரியிலிருந்து பரண் வரை துழாவினேன். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கும் பெட்டிக்குள், மூன்று ராஜாக்களுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில், மீன் வறுத்த எண்ணெய் ஒரு பாட்டில். நான் காலைப் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்து உருளைக்கிழங்கு வறுத்திருக்கிறார். கணக்கு இடிக்காமல் இருக்க டப்பாவில் புது எண்ணெயை ஊற்றியிருக்கிறார். லாரிக்கு நல்ல எண்ணெய், என் மனிதருக்குக் கறுப்பு எண்ணெய்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தச் சட்டியில ஒரு வாய் சாப்பிட்டா, ஆஸ்பத்திரிக்குப் போனதே பொய்னு தோணுதும்மா. முன்ன மாதிரியே இருக்கேன்னு தோணுது. பயமா இருக்கு."

ஐ.சி.யு. வாசலில் ஜெபமாலையைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் பயம் என்ற சொல்லை நாங்கள் இருவருமே அதுவரை வீட்டுக்குள் சொன்னதில்லை.

"எனக்கும் பயம்தாங்க" என்றேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் டப்பாவை அவரே கீழே தூக்கிக்கொண்டு போனார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

எண்ணெய்க்காரர் மூடியைத் திறந்து முகம் சுளித்தார். "இன்னா சார், இந்த வாட்டி இவ்ளோ கறுப்பா கீது?"

"ஆமாம்பா" என்றார் என் வீட்டுக்காரர். "இதுதான் எங்க வீட்டு எண்ணெய். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ."