குசினியில் கழுவிய துவக்கு

கடற்காற்றிடமிருந்து இரும்பைக் காப்பாற்ற எங்கள் ஊரான உப்புவெளியில் எவரும் நம்புவது எண்ணெயை மட்டுமே. சைக்கிள் செயின், கேற்றுப் பிணைச்சல், யன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. அப்பா அந்த விதியைத் தம்முடைய துவக்குக்கும் நீட்டினார்.

குழல்வாய் வழியே கரிமருந்தை இடித்து நிரப்பும் பழைய துவக்கு அது. கன்னியாப் பக்கமிருந்த எங்கள் மரவள்ளித் தோட்டத்தைப் பன்றிகளிடமிருந்து காக்கவென்று அனுமதி பெற்றது. சுட்ட பின்னர் ஒவ்வொரு முறையும் அப்பா குழலுக்குள் தேங்காயெண்ணெய் ஊற்றிச் சுவரில் சாத்திவிடுவார். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும் என்றும், அதைத் தண்ணீரே கரைக்கும் என்றும் நான் படித்துச் சொன்னேன். துவக்கைப் பற்றி என் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லை என்பதை அவர் நினைவூட்டினார்.

அனுமதியைப் புதுப்பிக்கும் நாளுக்கு முதல் வாரம், குழலுக்குள் விட்ட கம்பி பாதியில் நின்றது. எண்ணெயும் கரியும் சேர்ந்து தார்போல இறுகியிருந்தன. புதுப்பிக்கத் துவக்கையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்; பாவிக்க ஏலாததென்றால் திருப்பித் தரமாட்டார்கள். துவக்குப் போனால் மரவள்ளியும் போகும். அப்பா மேலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

அம்மா குசினி அடுப்பை விட்டு வந்து குழலை மணந்து பார்த்தார்.

“சோத்துப் பானை அடிப்பிடிச்சா எண்ணெய் பூசியே வைக்கிறனான்?”

“இரும்பில தண்ணி படப்படாது.”

“அப்ப கேத்திலில என்ன கொதிக்குது?”

கொதிநீரும் சவர்க்காரமும் குழலுக்குள் இறங்கின. கூழ்முட்டை நாற்றத்துடன் கறுப்புநீர் வடிந்தது. எட்டாவது கேத்தில் தண்ணீர் தெளிவாக வந்தது. சூடேறிய குழல் தானாகவே உலர்ந்ததும், அம்மா தையல் மெசின் எண்ணெயை அளவாகத் தடவினார். அப்பா முற்றத்தில் நின்று, தமக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோலத் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ‘பராமரிப்பவர்’ என்ற இடத்தில் ‘விண்ணப்பதாரர்’ என்று எழுதும்படி சொன்னவர் அப்பா.

அலுவலகத்தில் பரிசோதித்தவர் குழலுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் வியப்பும் பிறகு சந்தேகமும் வந்தன.

“இது சுட்ட துவக்கு மாதிரித் தெரியேல்லையே, ஐயா. பாவிக்கிறேல்லை எண்டா அனுமதி என்னத்துக்கு?”

அப்பா பன்றிகளின் எண்ணிக்கையைச் சொன்னார். அவற்றின் பருமனையும் சொன்னார். பரிசோதித்தவர் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அறிவித்தலை வாசித்தேன்.

“சுட்டதுதான்,” என்றார் அப்பா, மிக மெதுவாக. “என்ர மனுசி கழுவினவ.”

“என்னத்தால?”

“சுடுதண்ணியால.” இன்னும் மெதுவாக, “சவுக்காரமும் போட்டவ.”

பரிசோதித்தவர் குழலை மணந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து, ‘விண்ணப்பதாரர்’ என்பதை வெட்டி ‘மனைவி’ என்று எழுதச் சொன்னார். வெட்டிய இடத்தில் விண்ணப்பதாரர் கையொப்பமிட வேண்டுமாம். அப்பா இட்டார். அனுமதி கிடைத்தது.

அடுத்த தடவை அப்பா பன்றியைச் சுட்டுவிட்டு வந்த காலையில், துவக்கு குசினிக் கதவடியில், கரிபிடித்த பானைகளுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது.

அம்மா முதலில் பானைகளைக் கழுவினார்.