ஏழாவது வீட்டுச் சுவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பெமிலா முதலில் சுவரைத்தான் தொடுவாள். தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உட்காருவாள். காப்பி போடட்டுமா என்று கேட்டால், "சுவரு உப்பா இருக்கு, காப்பியாவது இனிப்பாப் போடுங்க" என்பாள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு வீடுகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். சனிக்கிழமையானால் வடசேரியில் பஸ் ஏறிக் கடற்கரைக் குடியிருப்புகளுக்கு ஆராய்ச்சிக்குப் போய்விடுவாள். "ஒரு வீட்ட மட்டும் பாத்தா ஒண்ணும் வெளங்காது மக்கா. எது எத இழுக்குதுன்னு பாருங்க" என்பது வகுப்பில் அவள் பல்லவி. அடுப்பு, ஜன்னல், ஈரம், தூக்கம் என்று பலகையில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு போடுவாள். கடைசி அம்பு முதல் சொல்லுக்கே வந்து சேரவேண்டும். சேராவிட்டால், "யாரிட்டயோ எதையோ கேக்காம வந்துட்டிய" என்று திரும்ப அனுப்பிவிடுவாள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒரு குடியிருப்பின் கடைசி வரிசையில், வெயில் கொளுத்தும்போதும் ஏழு வீடுகளின் சுவர்கள் வியர்த்தன. மூன்று முறை பூசியும் ஈரம் திரும்பி வந்தது. அறைக்குள் கடல் வாடை. "செத்தவங்க வீடு தேடி வாராவ" என்று பேச்சு கிளம்பியது.

பெமிலா மாதக்கணக்கில் அந்த வீடுகளில் போய் உட்கார்ந்தாள். சாந்தில் கடல் மணல் கலந்திருந்தது. அதன் உப்பு ஈரத்தை இழுத்தது. ஈரத்தால் வாடை, வாடையால் பயம். பயந்தவர்கள் கடல் பார்த்த ஜன்னல்களை ஆணியடித்து மூடினார்கள். மூடிய வீட்டில் சமையல் ஆவியும் மூச்சும் தங்கி, ஈரம் இன்னும் கூடியது. அம்பு சுற்றிவந்து சேர்ந்துவிட்டது. ஆறு வீடுகளில் அவள் பேச்சைக் கேட்டு ஜன்னலைத் திறந்தார்கள். சுவர் காய்ந்தது.

ஏழாவது வீடு கிரேசியுடையது. கணவர் மரியான் ஒக்கிப் புயலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. உள்ளறைச் சுவரில் ஈரம் ஓர் ஆள் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. தோள், கழுத்து, லேசாகச் சாய்ந்த தலை. பெமிலா தொட்டாள். மற்ற சுவர்கள் சில்லென்றிருக்கும். இது உடம்புச் சூட்டில் இருந்தது. அன்று அவள் விரலை நாக்கில் வைக்கவில்லை.

"பயமா இருக்காக்கா?"

"எனக்கெதுக்கு பயம், டீச்சரே? எனக்க மாப்பிள இல்லியா நிக்காரு," என்றாள் கிரேசி. "ஜன்னல தொறந்தா போயிருவாரு."

பெமிலா தன் அம்புப் படத்தை விரித்து, 'பயம்' என்ற சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கட்டிலில் கிரேசியின் பத்து வயது மகள் அஜிஷா, நெஞ்சு விசிலடிக்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்திலேயே இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள்.

உப்பு, ஆவி என்று விளக்கியிருக்கலாம். பெமிலா விளக்கவில்லை.

"போயிருவாருதான், அக்கா. நீங்க சொல்லுதது செரி," என்றாள். "ஆனா இந்த ஈரத்தத்தான் பிள்ள மூச்சுல இழுக்கா. அவரு இங்க நிக்கணும்னா, பிள்ளைக்க நெஞ்சு மேலதான் நிக்கணும்."

கிரேசி எழுந்து, சுவரில் அந்தத் தோள் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். பிறகு அடுக்களையிலிருந்து குறடு எடுத்து வந்தாள். கைகொடுக்கப் போன பெமிலாவை, "வேண்டாம், நானே செய்யுதேன்" என்று தடுத்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு வந்தன.

ஜன்னல் திறந்தது. நடுப்பகல் வெளிச்சத்தில் சுவர் மினுங்கியது. காற்று அறையை ஒருமுறை சுற்றியது. முன்கதவு மெல்ல, தானாக விலகியது. அறை வாசலில் நின்ற பெமிலா, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓர் ஆள் கடந்துபோகும் அளவுக்கு ஒதுங்கி நின்றாள்.