மூடியில் ஒட்டிய திருநீறு

மாண்ட்ரியலில் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, மாதக்கணக்கில் சேர்த்த ஆர்.என்.ஏ. ஒரே நாளில் சிதைந்துபோனது. தண்ணீர்தான் காரணம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஆய்வகத்துக்குத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தருபவர் மட்டக்களப்பு அக்கா. பழி அவர்மேல் விழுந்தது.

மறுநாள் அக்கா, ஆர்.என்.ஏ. வைத்திருந்த சோதனைக் குழாயை என்னிடம் நீட்டினார். மூடியில் வெள்ளைத் தீற்றல். கையுறையோடு நெற்றியைத் துடைத்துவிட்டு மூடியைத் தொட்டிருக்கிறேன்!

"திருநீறு, தம்பி. வேர்வையில இருக்கிற நொதிதான் ஆர்.என்.ஏ.யைத் தின்னுது. நாலு கந்தகப் பிணைப்பு அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. கொதிக்க வச்சாலும் ஆறினதும் பழைய வடிவத்துக்கே வந்திரும். நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ, திருநீறு பூசுறல்ல. நீங்களே போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்க்கா," என்றேன். மூன்று முறை பேராசிரியரின் கதவுவரை போனேன். விசா போய்விடுமோ என்று பயந்து மூன்று முறையும் திரும்பிவிட்டேன். அக்காவின் வேலைதான் போனது.

இன்றும் திருநீற்றைத் தொடுகிறேன். நெற்றிவரை போய்க் கை நின்றுவிடுகிறது.