சட்டத்துக்குள் இருந்த தேதி

லவான் குபிசெக் கண்டிப்பானவள் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து இல்லை. நல்லவள் என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் தயக்கம்.

இருபத்தாறு வருடமாக அவள் எங்கள் ஊர்ப் பேச்சுப் பயிற்சியாளர். திக்குகிற பிள்ளைகளும் பக்கவாதத்தில் பேச்சிழந்த விவசாயிகளும் அவளிடம்தான் வருவார்கள். வந்த முதல் நாளே சுவரில் சட்டம் போட்டு மாட்டிய மாநில உரிமத்தைக் காட்டுவாள். "இது இல்லாதவங்ககிட்ட உங்க தொண்டையக் காட்டாதீங்க. அது நானா இருந்தாலும் சரி" என்பாள்.

வெறும் பேச்சில்லை அது. பதினோரு வருடத்துக்கு முன், காது சோதித்துக் கருவி பொருத்திவந்த ஆர்லன் டீட்ஸ் உரிமத்தைப் புதுப்பிக்க மூன்று மாதம் மறந்துவிட்டார். லவான் மாநிலத்துக்குப் புகார் எழுதினாள். அவர் கடை மூடியது. முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தேவாலயத்தில் கேட்டவர்களுக்கு, "தேதின்னா தேதி" என்றாள்.

உரிமத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டல் அவள் முன்பு வேலை பார்த்த பள்ளியின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளி வேலையை விட்டபோது முகவரியை மாற்ற வேண்டியவள் அவள்தான், மாற்றவில்லை. உரிமம் முடியும் டிசம்பர் ஒன்று கடந்தது. தன் சுவரில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

பிப்ரவரி பதினொன்றாம் தேதி விவசாயி எம்மெட் வோசிகா மனைவியோடு வந்திருந்தார். பக்கவாதத்துக்குப் பின் ஐந்து மாதமாக அவர் மனைவி வெல்டாவை 'டிராக்டர்' என்றுதான் கூப்பிட்டார். "நாப்பது வருஷமா அது மேலதான் பாசம், இப்பதான் வாய் தொறந்து ஒத்துக்கறாரு" என்று வெல்டா சிரிப்பாள். அன்று காப்பீட்டுப் படிவத்துக்கு உரிம எண் வேண்டியிருந்ததால் வெல்டாவே எழுந்து சுவரருகே போனாள்.

"லவான் கண்ணு, இதுல போன டிசம்பர் ஒண்ணோட முடியுதுன்னு போட்டிருக்கே?"

லவான் வந்து பார்த்தாள்.

"அது பழசு வெல்டா. புதுசு அதுக்குப் பின்னாடி இருக்கு."

அவள் எப்போதும் புதியதைப் பழையதன் முன்னால்தான் செருகுவாள். அது தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் பொய் அங்கேயே பிடிபட்டிருக்கும். வெல்டா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். லவான் அப்போதும் நிறுத்தியிருக்கலாம். படங்களை எடுத்து எம்மெட்டின் முன் அடுக்கினாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எம்மெட் மனைவியின் படத்தைப் பார்த்து, மிக மெதுவாக, "வெல்டா" என்றார்.

மறுநாள் காலை லவான் எல்லாருடைய பயிற்சியையும் நிறுத்திவிட்டு மாநில அலுவலகத்தை அழைத்தாள். அவர்கள் அனுப்பிய படிவத்தில், உரிமம் முடிந்தது உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. பன்னிரண்டாம் தேதி என்று எழுதினால் எல்லாமே மறதியாகிவிடும். பதினொன்று என்றால் ஒரு மணி நேரம் மட்டும் மறதியாகாது. அறியாமல் போன பத்து வாரத்தைவிட அந்த ஒரு மணி நேரம் கனத்தது. நான்கு நாள் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

ஐந்தாம் நாள் வோசிகாவின் வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து உள்ளதையும் படிவத்தில் இருந்த கேள்வியையும் சொன்னாள். வெல்டா காப்பியை ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப எங்கிட்டயே பொய் சொன்னே."

"ஆமா."

"சரி, போகட்டும். தேதிய ஒரு நாள் தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது? அன்னைக்குத்தான் அவரு என் பேரச் சொன்னாரு. அதையும் குத்தத்துல சேத்து எழுதணுமா?"

திட்டியிருந்தால் லவானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னலோரம் இருந்த எம்மெட் மனைவியைக் கைகாட்டி, "டிராக்டர்" என்றார்.

"ரெண்டு நாளா மறுபடி அதேதான்" என்றாள் வெல்டா. இந்த முறை சிரிக்கவில்லை.

லவான் காருக்குள் உட்கார்ந்தே பதினொன்று என்று எழுதினாள். மாநிலம் கண்டனம் தெரிவித்தது. இரண்டு மாதம் உரிமத்தை நிறுத்தி, யாரும் பார்க்கும்படி பெயரையும் வெளியிட்டது. எம்மெட்டை வெல்டா அறுபது மைல் தள்ளி வேறொருவரிடம் கூட்டிப்போகிறாள். தேவாலயத்தில் லவானைக் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அந்தத் தேதியை எழுதியதை நேர்மை என்கிறார்கள் சிலர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சுவரை அவளால் பார்த்திருக்க முடியாது, அதுவரைதான் எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் ஒருநாள் உணவகத்தில் ஆர்லன் டீட்ஸ் தன் கோப்பையோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு மாசம். உனக்குப் பத்து வாரந்தானாமே. நீதான் ஜெயிச்சே."

லவான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு மொதல்ல உங்ககிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாளோ என்னவோ. ஆர்லன் காப்பியைக் கலக்கினார்.

"ஆமா, சொல்லியிருக்கலாம்" என்றார்.