என் மூட்போர்டுக்கு மாலை போட்ட ஃப்ளெக்ஸ் கடை

வீடியோ கேம் செய்வதற்கு முன் அதன் நிறம், இடம், முகம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் சேர்த்துப் பார்ப்பதற்கு மூட்போர்டு என்று பெயர். யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

என் கேமில் சந்திரகிரிக் கோட்டையைத் தனியாகக் காக்கும் வீரனுக்கு வயது அறுபத்தெட்டு. அந்த வயதில் வேறு முகம் கிடைக்காததால் என் போட்டோவையே நடுவில் வைத்தேன். திருப்பதியில் ஒரு கேம் கம்பெனியில் இன்று காட்ட வேண்டியிருந்தது. பெரிதாக அச்சடிக்க நகரியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தேன்.

காலையில் போய்ப் பிரித்தால், என் கழுத்தில் மாலை. பக்கத்தில் குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’.

"என்னாப்பா இது?"

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார். "பெரியவர் போட்டோ, பின்னால சாயங்கால வானம். இப்படி வந்தா யாரும் சொல்லாமலே மாலை போட்டுக்கினு வரோம் நைனா. வேற அடிச்சுத் தரேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே கொண்டுபோனேன்.

கம்பெனிப் பையன்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "சூப்பர் தாத்தகாரு! ஹீரோ ஃபர்ஸ்ட் சீன்லயே செத்துடறாரு. அப்புறம் பேரன் பழி வாங்கறான். பண்ணிடலாம்!"

"அவர் சாகமாட்டார்" என்றேன்.

"அப்போ கஷ்டம் தாத்தகாரு."

ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறுபத்தெட்டு வயதுக்காரன் ஹீரோ ஆவதற்குச் சாவதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதலாம்.