தேநீர்த் தட்டில் மோதிரம்

ஷெஹ்ரிபான் அக்கா மோதிரத்தைக் கழற்றித் தேநீர்த் தட்டில் போடுகிறார். 'டிங்'. அந்தச் சத்தம் கேட்டால் அறையில் இருப்பவர்கள் தாமாகவே இரண்டடி பின்வாங்குவார்கள். உலைக் கதவு திறக்கப்போகிறது; அந்தச் சூட்டில் கையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.

துருக்கியில், எஸ்கிஷெஹிர் நகரில் எங்கள் பீங்கான் ஆய்வுக்கூடத்தின் உலைகள் பதினாறு வருடமாக அவர் பொறுப்பு. அதற்கு முன் கூத்தாஹ்யா ஊரில் டைல்ஸ் ஆலையில் வேலை. இடது புருவம் பாதிதான் இருக்கும். மீதியை எப்போதோ ஓர் உலை எடுத்துக்கொண்டது. மூன்றாம் எண் உலையை 'மருமகள்' என்பார். "சொன்னா கேக்க மாட்டா. ஆனா வேலை சுத்தம்." பையில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. அவர் கொறிக்கும் வேகத்தைப் பார்த்தே உலையின் சூட்டைச் சொல்லிவிடலாம்.

அவருடைய செல்லப்பிள்ளை, சிர்கோனியமும் டங்ஸ்டனும் கலந்து சுடும் ஒரு வெள்ளைப் பீங்கான். சூட்டில் மற்றவை விரியும், இது சுருங்கும். "வெயில்ல எல்லாரும் சட்டையைத் தளர்த்துவாங்க. இவன் மேல் பொத்தானையும் போட்டுக்குவான்."

போன வியாழக்கிழமை, மிச்சமிருந்த தூளில் ஒரே ஒரு குச்சிதான் வார்க்க முடிந்தது. மாலைக்குள் அது சுருங்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால், சூட்டில் விரியாத வளையம் கேட்டிருந்த தொலைநோக்கிக்காரர்களின் வேலை வேறு ஊருக்குப் போய்விடும், மருமகளையும் மூடிவிடுவார்கள். கதவருகே நின்றவர் ஒக்தாய் பே ('பே' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'), டைல்ஸ் ஆலையிலிருந்து முந்தின வாரம்தான் வந்த பொறியாளர்.

"திறக்காதீங்க அக்கா! ஆயிரத்து இருநூறு டிகிரி. வெடிச்சிடும். காலை வரைக்கும் மெதுவா ஆறட்டும்."

"மெதுவா ஆறினா இவன் பிரிஞ்சு பழைய மஞ்சள் தூளாயிடுவான். நானும் உங்களை மாதிரிதான் வந்தேன். முதல் மாசமே ஒரு உலை நெறைய மஞ்சளாக்கி வச்சேன்."

"வெடிச்சா யார் பொறுப்பு?"

"அந்த நோட்டைக் கொடுங்க."

உலைப் பதிவேட்டில் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். விதைத் தோலைத் துப்பினார். 'டிங்'.

கதவு திறந்ததும் அறையே ஆரஞ்சாகியது. நீண்ட இடுக்கியில் வந்த குச்சி வாளித் தண்ணீருக்குள் போனது. ஒரு சீறல், பிறகு ஆவி. வெளியே எடுத்தபோது வெண்ணெய்க்கட்டிபோல வெள்ளை. மயிரிழை விரிசல்கூட இல்லை.

நீளம் அளக்கும் கருவியில் அதை வைத்துச் சூடேற்றினோம். திரையில் பச்சைக் கோடு சரியத் தொடங்கியது. ஒக்தாய் பே குனிந்து கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். "இதைத் தலைகீழா மாட்டியிருக்கீங்களா?"

"கம்பியை விடுங்க பே, பாவம், அது ஒழுங்காத்தான் இருக்கு."

ஒக்தாய் பே சாதாரணப் பீங்கான் குச்சி ஒன்றை மாற்றி வைத்தார். கோடு ஏறியது. மீண்டும் வெள்ளையை வைத்தார். இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒக்தாய் பே நாற்காலியில் உட்கார்ந்தார். "அடுத்த தூள் எப்ப வருது அக்கா?"

"திங்கக்கிழமை."

அக்கா மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டார். பிறகு காலித் தட்டை, கைக்கடிகாரம் கட்டியிருந்த பொறியாளரின் இடது கைப் பக்கமாக மெதுவாக நகர்த்தி வைத்தார்.